அமேசிங் ஸ்பைடர்-மேன்: இதழ் எண் குழப்பமும் மற்ற சந்தேகங்களும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஒவ்வொரு ஸ்பைடர்-மேன் படம் வெளியாகும்போதும் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். காமிக்ஸ் சேர்க்கிறவன் என்று தெரிந்ததும் அலுவலக நண்பர், அக்கா மகன், பக்கத்து வீட்டுப் பையன் என்று ஆளுக்கு ஒன்று கேட்பார்கள். பாதிக் கேள்விகள் இதழ் எண் பற்றியவை. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயால் வந்தபடியே இருக்கின்றன. "அமேசிங்" என்று மொட்டையாகச் சொன்னால் அமேசிங் ஸ்பைடர்-மேன் என்ற மாத இதழைச் சொல்கிறேன்.

ஸ்பைடர்-மேன் முதல்ல வந்தது அமேசிங் ஸ்பைடர்-மேன் 1-ஆம் இதழ்லதானே?

இல்லை. முதலில் வந்தது அமேசிங் ஃபேன்டஸி 15-ஆம் இதழில். ஆகஸ்ட் 1962 என்று தேதியிட்டது, விலை 12 சென்ட். அதில் ஸ்பைடர்-மேன் கதை 11 பக்கம்தான். மீதிப் பக்கங்களில் வேறு குட்டிக் கதைகள். சிலந்தி கடிப்பது, மல்யுத்த மேடை, ஓடவிட்ட திருடன், மாமா பென்னின் சாவு என்று ஒரு முழுப் படத்துக்கான கதையையும் அந்தப் 11 பக்கத்தில் முடித்திருப்பார்கள்.

அமேசிங் ஸ்பைடர்-மேன் 1-ஆம் இதழ் மார்ச் 1963 தேதியிட்டு வந்தது. பத்திரிகை ஆசிரியர் ஜே. ஜோனா ஜேம்சன் அறிமுகமானது இதில்தான். ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழு விருந்தாளிகளாக வந்து போகிறது. புது ஹீரோவைத் தூக்கிவிட ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இடையில அரை வருஷத்துக்கு மேல இடைவெளி இருக்கே, ஏன்?

அமேசிங் ஃபேன்டஸி அந்த 15-ஆம் இதழோடு நின்றுபோனது. பதிப்பாளர் மார்ட்டின் குட்மேனுக்குச் சிலந்தி என்றாலே மக்களுக்கு அருவருப்பு, பள்ளிக்கூடப் பையன் ஹீரோவின் கைத்தடியாக வரலாம், ஹீரோவாக முடியாது என்ற எண்ணம். எப்படியும் மூடப்போகும் பத்திரிகைதானே என்று அதில் தைரியமாகப் போட்டேன் என்பது கதாசிரியர் ஸ்டான் லீ பின்னாளில் பேட்டிகளில் சொன்ன கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே 15-ஆம் இதழில் வாசகர்களுக்கு எழுதிய பக்கத்தில், இந்த ஹீரோ தொடர்ந்து வருவான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூடுவது முன்பே முடிவாகியிருந்தால் அந்த வரி எதற்கு? எனக்கு அந்தக் கதையில் பாதி நம்பிக்கைதான்.

இன்னொரு காரணம் விநியோகம். குட்மேனின் விநியோக நிறுவனம் 1957-இல் கவிழ்ந்த பிறகு, அவருடைய இதழ்களைக் கடைகளுக்குக் கொண்டுபோனது இண்டிபெண்டன்ட் நியூஸ். அது போட்டியாளரான டிசி காமிக்ஸ்காரர்களின் சொந்த நிறுவனம். மாதத்துக்கு எட்டு இதழ் போலத்தான் அனுப்புவோம் என்று கட்டுப்பாடு. புதிதாக ஒன்று தொடங்க வேண்டுமென்றால் பழையது ஒன்று இடம்விட வேண்டும். ஹல்க்கின் முதல் தொடர் 6 இதழோடு நின்றதும் அதே மார்ச் 1963 தேதியில்தான். அமேசிங் கூட முதலில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில்தான் மாத இதழானது.

ஒரு இடத்துல ஜூன் 1962-ன்னு போட்டிருக்கு, இன்னொரு இடத்துல ஆகஸ்ட். எது சரி?

இரண்டும் சரி. அட்டையில் இருப்பது ஆகஸ்ட், கடைக்கு வந்தது ஜூன். அமெரிக்கப் பத்திரிகைகளில் அட்டைத் தேதியை இரண்டு மூன்று மாதம் தள்ளிப் போடுவது வழக்கம். பத்திரிகைக் கடைக்காரருக்கு அது எந்த மாதம் அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதற்கான குறிப்பு. வாங்குபவருக்கு இதழ் பழசாகத் தெரியாது. மார்ச் 1963 தேதியிட்ட அமேசிங் 1-ஆம் இதழ் கடைக்கு வந்தது 1962 டிசம்பரில். இந்தப் பக்கத்தில் பழைய இதழ்களுக்கு நான் சொல்வதெல்லாம் அட்டைத் தேதி.

ஸ்டான் லீதானே ஸ்பைடர்-மேனை உருவாக்கினார்?

லீயும் ஓவியர் ஸ்டீவ் டிட்கோவும். முதலில் ஜேக் கிர்பிதான் சில பக்கங்கள் வரைந்தார். கிர்பி வரைந்தால் எந்தப் பையனும் மல்லன் மாதிரி வந்துவிடுவான். லீ எதிர்பார்த்தது நோஞ்சானை. வேலை டிட்கோவிடம் போனது. முகம் முழுக்க மூடும் முகமூடி, வலைக்கோடு போட்ட உடை, கைவிரலை மடக்கி வலை விடும் அந்த நிற்கும் தோரணை எல்லாம் டிட்கோவுடையவை. முதல் இதழின் அட்டையை மட்டும் கிர்பி வரைய, டிட்கோ மை போட்டார்.

இதில் குட்மேனின் நிறுவனமான மார்வெல் வேலை செய்த விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். லீ முழுக் கதையை எழுதிக் கொடுப்பதில்லை. கதையின் போக்கை வாயால் சொல்வார் அல்லது ஒரு தாளில் குறிப்பார். ஓவியர் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்து, 20 பக்கத்துக்கு இழுத்து, வரைந்து தருவார். அப்புறம் லீ வசனம் எழுதுவார். அப்படியென்றால் கதை யாருடையது? இந்தச் சண்டை அறுபது வருடமாக ஓடுகிறது. 25-ஆம் இதழிலிருந்து கதைப்போக்கு டிட்கோ என்று அச்சிலேயே போடத் தொடங்கினார்கள்.

அப்புறம் டிட்கோ ஏன் விட்டுட்டுப் போனார்?

38-ஆம் இதழ், ஜூலை 1966. அதுதான் அவருடைய கடைசி. அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக லீயும் அவரும் நேரில் பேசிக்கொள்ளவே இல்லை. டிட்கோ பக்கங்களை வரைந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போவார், லீ வசனம் எழுதுவார். அப்படிப் பேச்சுவார்த்தை இல்லாத காலத்தில்தான் 33-ஆம் இதழ் வந்தது. தண்ணீர் ஒழுகும் அறையில், இடிபாட்டுக்கு அடியில் சிக்கிய பீட்டர் (முகமூடியைக் கழற்றினால் ஸ்பைடர்-மேன் பீட்டர் பார்க்கர்தான்) மேலே விழுந்த இயந்திரத்தைத் தூக்கி எறியும் பக்கங்கள். முழுத் தொடரிலும் ஒரே ஒரு இதழ் வைத்துக்கொள் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கிரீன் காப்ளின் என்ற முகமூடி வில்லன் யார் என்பதில் தகராறு வந்து போனார் என்று பரவலாகச் சொல்வார்கள். டிட்கோவே பிறகு எழுதிய கட்டுரைகளில் அதை மறுத்திருக்கிறார்; பீட்டரின் நண்பன் ஹாரியின் அப்பா நார்மன் ஆஸ்பார்ன்தான் காப்ளின் என்று தானே முன்கூட்டித் திட்டமிட்டு, அவர் முகத்தைப் பழைய இதழ்களில் ஓரமாகக் காட்டி வந்ததாகச் சொன்னார். அவர் போன அடுத்த இதழிலேயே, 39-இல், ஜான் ரொமீட்டா ஓவியத்தில் அந்த ரகசியம் உடைந்தது. ரொமீட்டா காதல் காமிக்ஸ் வரைந்து வந்தவர். பீட்டர் திடீரென்று அழகானான், விற்பனையும் ஏறியது.

சின்ன வயசுல லயன் காமிக்ஸ்ல படிச்ச ஸ்பைடர் இவர்தானே? இவர் ஏன் அப்போ வில்லனா இருந்தார்?

இந்தக் கேள்வி நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து மட்டும் வரும். இல்லை, அவர் வேறு ஆள். சிவகாசி லயன் காமிக்ஸில் 1984-லிருந்து நாம் படித்த கூர்க்காது ஸ்பைடர், பிரிட்டிஷ் வார இதழான லயனில் 1965-இல் தொடங்கியவர். ஓவியர் ரெக் பன். குற்றவுலகின் ராஜாவாக ஆசைப்பட்டு, பிறகு நல்லவர் பக்கம் வந்தவர். வலைத் துப்பாக்கி, ஹெலிகார் எல்லாம் அவருடையவை.

ஒரு வேடிக்கை: அந்த ஸ்பைடர் கதைகளில் நிறைய எழுதியவர் ஜெர்ரி சீகல், அதாவது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். பீட்டர் பார்க்கருக்கும் அவருக்கும் வலையைத் தவிர எந்த உறவும் கிடையாது.

அட்டையில முத்திரை இல்லாம வந்த இதழ்னு சொல்றாங்களே, அது என்ன?

96, 97, 98. மே முதல் ஜூலை 1971. அந்தக் காலத்தில் அமெரிக்க காமிக்ஸ் அட்டைகளில் மேல் மூலையில் தபால்தலை மாதிரி ஒரு முத்திரை இருக்கும். 1954-இல் பதிப்பாளர்களே சேர்ந்து அமைத்துக்கொண்ட தணிக்கைக் குழுவின் ஒப்புதல் அது. முத்திரை இல்லாத இதழைப் பல கடைக்காரர்கள் தொடமாட்டார்கள்.

அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை, போதைப்பொருளின் கெடுதலைப் பற்றி ஒரு கதை எழுதச் சொல்லி லீயைக் கேட்டது. அவரும் பீட்டரின் நண்பன் ஹாரி மாத்திரைக்கு அடிமையாவதாக எழுதினார். போதைப்பொருளைக் காட்டவே கூடாது, கண்டித்துக்கூட, என்று குழு மறுத்தது. குட்மேன் முத்திரை இல்லாமலே மூன்று இதழையும் அச்சிட்டார், நன்றாக விற்றன. அதே ஆண்டு குழு தன் விதிகளைத் தளர்த்திக்கொண்டது.

க்வென் ஸ்டேசி செத்துப்போறது எந்த இதழ்? கொன்னது காப்ளினா, ஸ்பைடர்-மேனா?

பீட்டரின் காதலி க்வென் சாவது 121-இல், ஜூன் 1973. எழுதியவர் ஜெரி கான்வே, ஓவியம் கில் கேன். கான்வே இந்தத் தொடரை எடுத்தபோது அவருக்கு 19 வயது. முதலில் அத்தை மேயைக் கொல்வதாகத்தான் பேச்சு. அத்தை போனால் யாருக்கும் அதிர்ச்சி இருக்காது, க்வென்னைக் கொல்லலாம் என்று சொன்னவர் மேலே பார்த்த ரொமீட்டா. கதையின் தலைப்பே விஷயத்தைச் சொல்லிவிடும் என்பதால், தலைப்பைக் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள்.

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருவோம். பாலத்திலிருந்து விழும் க்வென்னின் காலை வலை பிடிக்கும் கட்டத்தில், கழுத்தருகே "ஸ்னாப்" என்று பொடி எழுத்தில் ஒரு சத்தம் எழுதியிருக்கும். வலை சட்டென்று நிறுத்தியதில் கழுத்து முறிந்தது என்று 125-ஆம் இதழின் வாசகர் கடிதப் பக்கத்தில் மார்வெலே ஒப்புக்கொண்டது. கதைக்குள் காப்ளின், விழும்போதே செத்திருப்பாள் என்கிறான். நான் அந்தப் பொடி எழுத்தை நம்புகிறேன்.

எங்ககிட்ட 300-ஆம் இதழ் இருக்கு. லட்சக்கணக்குல போகும்னு சொல்றாங்க, நிஜமா?

மே 1988-இல் வந்த அமேசிங் 300-ஆம் இதழ், வெனம் என்ற வில்லன் முதன்முதலில் முழுதாகத் தோன்றிய இதழ். டாட் மெக்ஃபார்லேன் வரைந்தது. தேடுகிறவர்கள் நிறையப் பேர், ஆனால் அச்சான பிரதிகளும் நிறைய. கசங்காத, வெயில் படாத பிரதிக்குத்தான் பெரிய விலை.

முதலில் உங்களிடம் இருப்பது அசல்தானா என்று பாருங்கள். மார்வெல் பழைய இதழ்களை விளம்பரப் பக்கங்கள் உட்பட அப்படியே மறுபதிப்பு செய்து விற்கிறது. அட்டை அச்சு அசலாக இருக்கும். விலையையும் உள்ளே இருக்கும் பொடி எழுத்துப் பதிப்புக் குறிப்பையும் பார்த்தால் தெரிந்துவிடும். 129-ஆம் இதழ் (பனிஷர் முதலில் வந்தது) என்று நினைத்து நானே ஒருவரிடம் இப்படி ஒரு மறுபதிப்பை வாங்கி ஏமாந்திருக்கிறேன். பொடி எழுத்தைப் படிக்காதது என் தப்பு. 238-ஆம் இதழில் இன்னொரு தொல்லை: உள்ளே தோலில் ஒட்டிக்கொள்ளும் பச்சைகுத்து (டாட்டூ) இணைப்பு ஒன்று வைத்திருந்தார்கள். பையன்கள் அதைக் கையில் ஒட்டிக்கொண்டார்கள். அது இல்லாத பிரதிக்கு விலை பாதாளம்.

உண்மையான கோடிகள் அமேசிங் ஃபேன்டஸி 15-இல்தான். மிக நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதி 2021 செப்டம்பரில் 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் அசல் ஓவியப் பக்கங்களை 2008-இல் யாரோ பெயர் சொல்லாமல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்கள்.

441-க்கு அப்புறம் திடீர்னு 1-ஆம் இதழ் வருதே, தொடர் முடிஞ்சுபோச்சா?

முடியவில்லை, எண்ணைத்தான் அழித்து எழுதினார்கள். 1990-களின் தொடக்கத்தில் காமிக்ஸை முதலீடு என்று நினைத்து வாங்கிக் குவித்தார்கள். அமேசிங்குக்குத் தங்கையாக 1990-இல் தொடங்கிய ஸ்பைடர்-மேன் என்ற இதழின் 1-ஆம் எண் சுமார் 25 லட்சம் பிரதி போனது. அந்தக் குமிழி உடைந்து, 1996 டிசம்பரில் மார்வெல் திவாலுக்கு மனுப்போட்டது. அதிலிருந்து மீண்டு வந்தவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்தது ஒன்றுதான்: அட்டையில் "1" இருந்தால் விற்கும். நவம்பர் 1998-இல் 441-ஓடு நிறுத்தி, ஜனவரி 1999-இல் இரண்டாம் தொகுதி என்று 1-இலிருந்து தொடங்கினார்கள்.

புது வாசகருக்கு 442 என்று பார்த்தால் பயம், 1 என்றால் தைரியம் என்று நியாயம் சொல்வார்கள். கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அந்தத் தொகுதியின் முதல் இரண்டு வருடக் கதைகளைப் படித்தால், எண்ணோடு நிறுத்தியிருக்கலாம் என்று தோன்றும். 2001-இல் 30-ஆம் இதழிலிருந்து ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி எழுத வந்த பிறகுதான் உயிர் வந்தது.

முழுக் கறுப்பு அட்டையோட ஒரு இதழ் பார்த்தேன். அச்சுப் பிழையா?

பிழையில்லை. இரண்டாம் தொகுதியின் 36-ஆம் இதழ், டிசம்பர் 2001. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு வந்தது. ஸ்ட்ரசின்ஸ்கி எழுத, முன்பு சொன்ன ரொமீட்டாவின் மகன் ஜான் ரொமீட்டா ஜூனியர் வரைந்தார். ஸ்பைடர்-மேன் அதில் யாரோடும் சண்டை போடுவதில்லை.

58-க்கு அடுத்து 500-ஆ? நடுவுல 441 இதழ் எங்கே போச்சு?

கேள்வியிலேயே விடை இருக்கிறது! முதல் தொகுதி 441, இரண்டாம் தொகுதி 58. கூட்டினால் 499. அடுத்தது 500. புது 1 எண்ணின் மவுசு குறைந்துபோயிருந்தது. 500 என்ற வட்ட எண் விற்குமென்று பழைய கணக்குக்குத் திரும்பினார்கள். அது டிசம்பர் 2003. மேலே சொன்ன கறுப்பு அட்டை இதழும் இந்தக் கணக்கில் 477.

மைனஸ் 1, 700.1 இதெல்லாம் என்ன கணக்கு?

விளையாட்டு. ஜூலை 1997-இல் மார்வெல் ஹீரோக்கள் ஹீரோவாவதற்கு முந்தைய கதைகளைப் போட்டு மைனஸ் 1 என்று எண் கொடுத்தது. புள்ளி எண்கள் பக்கக் கதைகளுக்கு. ஆண்டு மலர்களைப் போலவே இவற்றையும் பொதுவாக மொத்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா? ஒரு புக்ல மனைவி இருக்கா, இன்னொண்ணுல இல்லை.

ஆனது, பிறகு ஆகாமல் போனது. 1987-இல் 21-ஆம் ஆண்டு மலரில் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம். அதே ஜூன் மாதம் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் நடிகர்களை வைத்து நிஜக் கல்யாணம் மாதிரியே நடத்தினார்கள். மாத இதழை மட்டும் வரிசையாகப் படிப்பவர் இந்தக் கல்யாணத்தைத் தவறவிட்டுவிடுவார். ஆண்டு மலருக்கு எண் வரிசை தனி.

இருபது வருடம் கழித்து, 2007 கடைசியில், கல்யாணமான ஹீரோ கதைக்கு இடைஞ்சல் என்று மார்வெல் முடிவு செய்தது. விவாகரத்து செய்தால் வயதாகித் தெரியும். அதனால் சாகக் கிடக்கும் அத்தையைக் காப்பாற்ற, மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் தம்பதி தங்கள் கல்யாணத்தையே விலையாகக் கொடுப்பதாகக் கதை பண்ணினார்கள். 545-ஆம் இதழோடு அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை என்றாகிவிட்டது. 546-லிருந்து மற்ற ஸ்பைடர்-மேன் இதழ்களை நிறுத்திவிட்டு அமேசிங்கை மாதம் மூன்று முறை வெளியிட்டார்கள். இந்த முடிவின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் 546-க்குப் பிறகு வந்த கதைகளில் பல நன்றாகவே இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

700-க்கு அப்புறம் 701 தேடித்தேடிப் பார்த்தேன், கிடைக்கலை.

கிடைக்காது. 2012 டிசம்பர் கடைசியில் வந்த 700-ஆம் இதழில் பீட்டர் சாகிறார். அவர் உடம்புக்குள் டாக்டர் ஆக்டோபஸின் மனம் புகுந்துகொள்கிறது. 3-ஆம் இதழில் 1963-இல் வந்த அதே வில்லன். அவரே ஸ்பைடர்-மேனாக உலவும் கதை, சுபீரியர் ஸ்பைடர்-மேன் என்ற வேறு பெயரில் 2013 ஜனவரியில் தொடங்கி 31 இதழ் ஓடியது. கதாசிரியர் டான் ஸ்லாட்டுக்குக் கொலை மிரட்டல் வரை வந்தது. ஆனால் இதழ் நன்றாக விற்றது. 2014 ஏப்ரலில் பீட்டர் திரும்பினார், அமேசிங் மூன்றாம் தொகுதி 1-ஆம் இதழோடு. அது கடைகளுக்கு 5 லட்சம் பிரதிக்கு மேல் போனது. ஒரே இதழுக்கு ஏகப்பட்ட மாற்று அட்டைகள் போட்டதும் அதற்கு ஒரு காரணம்.

மொத்தம் எத்தனை 1-ஆம் இதழ்தான் இருக்கு?

1963, 1999, 2014, 2015, 2018, 2022, 2025. ஏழு. யாராவது "அமேசிங் 1-ஆம் இதழ் விற்பனைக்கு" என்றால் வருடத்தைக் கேட்டுவிட்டுப் பையில் கை வையுங்கள்.

789 எப்படி வந்துச்சு? நான் கூட்டிப் பார்த்தா 751-தான் வருது.

சரியாகத்தான் கூட்டியிருக்கிறீர்கள். 700, மூன்றாம் தொகுதி 18, நான்காம் தொகுதி 32. மொத்தம் 750. அடுத்தது 751 ஆக இருக்க வேண்டும். 2017 அக்டோபரில் மார்வெல் மறுபடி பழைய கணக்குக்குத் திரும்பியபோது 789 என்று போட்டது. உதைக்கும் 38 இதழில் பெரும் பங்கு முந்தைய பதிலில் சொன்ன சுபீரியர். பெயர் வேறானாலும் அதுவும் இதே தொடர்தான் என்று கணக்கில் இழுத்துக்கொண்டார்கள்.

801-ஓடு ஸ்லாட் விடைபெற்றார், மறுபடி 1. ஆனால் இந்த முறை ஒரு புத்திசாலித்தனம்: அட்டையில் பெரிதாகப் புது எண், பக்கத்தில் சின்னதாக மொத்த எண். ஐந்தாம் தொகுதி 93 இதழ், ஆக 894. ஆறாம் தொகுதியின் 6-ஆம் இதழ் 900. அது 70 இதழ் ஓடி 964-இல் முடிந்தது. 2025 ஏப்ரலில் வந்த ஏழாம் தொகுதி 1-ஆம் இதழ் 965.

வரிசையாத்தான் படிக்கிறேன், ஆனா நடுவுல கதை அறுந்துபோகுதே?

1976-இலிருந்து ஸ்பெக்டாகுலர், 1985-இலிருந்து வெப் ஆஃப் ஸ்பைடர்-மேன் என்று தங்கை இதழ்கள் இருந்தன. சில கதைகள் எல்லாவற்றிலும் தாவித் தாவிப் போகும். 1987-இல் கிரேவன் என்ற வில்லன் தற்கொலை செய்துகொள்ளும் கதை ஆறு பகுதி. அதில் அமேசிங்கில் வந்தது 293, 294 இரண்டு மட்டுமே. 1994 முதல் 1996 வரை ஓடிய குளோன் கதை இன்னும் மோசம். இப்படிப்பட்டவற்றைத் தொகுப்பு நூலாக வாங்குவதுதான் பர்ஸுக்கும் மண்டைக்கும் நல்லது.

சரி, நான் எங்கேயிருந்து ஆரம்பிக்கட்டும்?

அமேசிங் ஃபேன்டஸி 15, பிறகு அமேசிங் 1 முதல் 50 வரை. வசனம் அதிகம், கொஞ்சம் பொறுமை வேண்டும். அது முடியாது என்றால் இரண்டாம் தொகுதியின் 30-இலிருந்து தொடங்குங்கள். 2014-இன் 1-ஆம் இதழிலிருந்து மட்டும் தொடங்காதீர்கள். அட்டையில் 1 இருக்கிறதே தவிர, 700-ஐயும் சுபீரியரையும் படிக்காதவருக்கு முதல் பக்கமே புரியாது.

1000-ஆவது இதழ் எது?

964-ஐக் கழித்தால் 36. ஏழாம் தொகுதியின் 36-ஆம் இதழ்தான் மார்வெல் கணக்கில் ஆயிரம். என் நண்பர் ஒருவர் அந்த 38 இதழ்களை இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பு பீட்டருடையது என்றாலும் உள்ளே இருந்தது ஆக்டோபஸ், அது எப்படி அமேசிங் ஆகும் என்பார். அவருக்கு ஆயிரம் இன்னும் 38 இதழ் தள்ளித்தான் வரும். நான் இரண்டுக்கும் இனிப்பு வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.